மிதித்து மிதித்துப் படித்த சொல்

டெய்லரம்மாவுக்கு மகன்மேல் ஒரே ஒரு குறைதான். மொழிபெயர்க்கச் சொன்னால் அவ்வளவு கஞ்சத்தனம்! வெளிநாட்டில் அவன் கட்டிக்கொண்ட இத்தாலியப் பெண் போனில் மூச்சுவிடாமல் பேசுவாள். அவனோ, "உன்னை விசாரிச்சாம்மா" என்று முடித்துவிடுவான். இவள் பேசினாலும் அதே கதிதான்.

தன்னைக் கேட்காமல் நாள் குறித்துவிட்டான் என்ற கோபத்தில், டிக்கெட் அனுப்பியும் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள். இரண்டு வருஷமாக அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மருமகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் தன் வாயாலேயே. அவனை நம்பினால் அதையும் சுருக்கி "சாரி"யாக்கிவிடுவான்!

கடையில் தைத்துக்கொண்டே செல்போனில் இத்தாலிய மொழிப் பாடம் கேட்டாள். சொல்லை அசை அசையாக உடைத்து, அசைக்கு ஒரு மிதி, தையல் மெஷினில். அழுத்த வேண்டிய அசைக்கு ஓங்கி ஒரு மிதி. பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம் என்றது பாடம். "மன்னி" என்பதற்கு பெர்-தோ-னா. நடுவில் ஓங்கி மிதித்தாள். "என்னை" என்று சொல்ல, பின்னால் ஒரு "மி" ஒட்ட வேண்டும். பெர்-தோ-னா-மி. விதிப்படி "னா"வில் மிதித்தாள்.

பத்து நாள் கழித்துப் பாடம் குண்டைத் தூக்கிப் போட்டது: "மி" ஒட்டினாலும் அழுத்தம் "தோ"வை விட்டு நகராதாம்.

"அடப்பாவி! இத முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று செல்போனைத் திட்டினாள்.

அதற்குள், இவள் தைத்துக் கொடுத்த தலையணை உறையோடு எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். ஓங்கி மிதிக்கும்போதெல்லாம் கை துணியையும் இழுத்திருக்கிறது.

"என்னக்கா இது, தையல் ரெண்டு சின்னது, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது! புது டிசைனா?"

"வேற ஒருத்தருக்குப் பேசினது உன் உறையில விழுந்துடுச்சு. கொடு, பிரிச்சுத் தச்சுத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோது வீடியோ கால் வந்தது. மருமகள் திரையில் சிரித்ததும் படித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. கால் தரையைத் தட்டிப் பார்த்தது, ஒன்றும் வரவில்லை. போனோடு கடைக்கு ஓடி மெஷின்முன் உட்கார்ந்தாள்.

"என்னம்மா சத்தம்? என்ன சொல்லணும், நான் சொல்றேன்" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா!"

மிதித்தாள். "பெர்... தோ... னா... மி." இந்த முறை ஓங்கிய மிதி "தோ"வில் விழுந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே ஐந்து நிமிஷம் பேசினாள்.

"பரவாயில்லைங்கிறாம்மா" என்றான் மகன்.

"அஞ்சு நிமிஷமாவா? முழுசாச் சொல்லுடா."

அவன் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணத்தன்னிக்கு முன் வரிசையில உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருந்தா. கடைசி நிமிஷத்துலயாவது நீ வந்துடுவேன்னு, யாரையும் உட்கார விடலை. அத உங்கிட்டச் சொல்லச் சொல்லி அன்னிக்கே சொன்னாம்மா. நான்தான் சொல்லலை."