பச்சை நாக்கு

மெல்பர்னில் ஒரு மிட்டாய் வாங்கக் கால் மணி நேரம் ஆகும். என் தம்பி மகள் செல்வி பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் வாங்குவாள். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அவளுக்குத் துணையாகப் போயிருந்த நான் கடைத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் மகள் ரம்யாவுக்கு ஐந்து வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். சாயம் போட்ட தின்பண்டம் சில பிள்ளைகளைத் துள்ள வைக்குமாம். அதை நிறுத்திப் பாருங்கள், அப்போதும் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டி மாத்திரைதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். செல்விக்குத் தூக்கம் போயிற்று. நான் டீச்சரிடம், "நோ கலர், நோ கலர்" என்று உறுதி கொடுத்தேன். அந்த அம்மா என் சிவப்புச் சேலையைப் பார்த்து, சேலை கட்டலாம், தப்பில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் ஊரான ஏழாயிரம்பண்ணைக்குப் போனோம். சாயத்துக்குப் பயந்தவர்கள் போய் இறங்குகிற ஊரா அது? பிள்ளையைப் பார்க்க யாராவது வெறுங்கையோடு வருவார்களா? நான் அங்கே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். காலையில் கேட்டில் மடியை உதறித் தீப்பெட்டி இல்லை என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அதே சட்டத்தை எங்கள் வாசலில் போட்டேன். ஜாங்கிரி, தேன்மிட்டாய் எல்லாம் பறிமுதல். சேவுக்கும் கருப்பட்டி மிட்டாய்க்கும் மட்டும் அனுமதி.

என் நாத்தனார் பேச்சியம்மாளும் மடியை உதறினாள். "ஏன் மதினி, பிள்ளைய என்ன பட்டாசு மருந்து ரூம்லயா வச்சிருக்கீக?" என்றாள்.

மத்தியானம் ரம்யாவைக் காணோம். தேடிப் போனால், பேச்சியம்மாள் வீட்டு வாசலில் அவள் மடியில் தலையைக் கொடுத்து அசையாமல் கிடக்கிறாள். பேச்சியம்மாள் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் நாக்கு பச்சைப் பசேலென்று இருந்தது. சைக்கிளில் வருகிற குச்சி ஐஸ் என் சோதனைக்கு எங்கே நின்றது?

"எம்புட்டு குடுத்தே?"

"ரெண்டு. ஓடுதாளான்னு நீங்களே பாருங்க."

பின்னாலேயே வந்த செல்வி நாக்கைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "டீச்சர்கிட்ட இப்ப என்னத்தச் சொல்ல, அத்தே?"

"பாத்ததைச் சொல்லு" என்றேன். பேச்சியம்மாள் ஜெயித்துவிட்டதாகச் சிரித்தாள். சாயங்காலம் ரம்யா தெருவை ஏழாக வகுந்து ஓடியபோது அந்தச் சிரிப்பும் நின்றது. ஐஸ் காரணமா, அவிழ்த்துவிட்ட சந்தோஷமா, யாருக்குத் தெரியும்?

மெல்பர்ன் திரும்பியதும் பிள்ளை கிடந்ததையும் ஓடியதையும் செல்வி மறைக்காமல் சொன்னாள். டீச்சர் எழுதிக்கொண்டார், மாத்திரைப் பேச்சைத் தள்ளி வைத்தார்கள். சாயம் வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் யாராவது மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது என் வேலையாயிற்று. தினமும் ஷாம்பூ போடுகிற தலையில் பேன் ஏது? பிள்ளை அசையாமல் கிடக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே டிராம் போகிறது. என் விரல்கள் மட்டும் ஏழாயிரம்பண்ணையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கின்றன.