மிச்சக் காரம்

உலகச் சண்டைக்காலத்தில் பழனியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளிக்கிற சவுக்காரம் காய்ச்சினோம். காய்ச்சுவது நான், விற்பது என் கணவர், அதட்டுவது அவருடைய அண்ணன். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். வாழைப்பழத்தைக் கூட்டினால் பஞ்சாமிர்தம் கூடும், சர்க்கரையைக் கூட்டினாலும் கூடும். உலகமே அப்படித்தான் என்று நம்பிய மனிதர்.

ஒரு டின் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு டப்பா காரம், அதாவது காஸ்டிக் சோடா. அதற்கு நூறு கட்டி விழும். ஒரு தடவை எண்ணெய்க்குப் பஞ்சம், ஒரு டின்தான் கிடைத்தது. காரம் மட்டும் இரண்டு டப்பா இருந்தது.

"ஒரு டப்பாவே போதும் மச்சான். எண்ணெய் தீந்தா சவுக்காரமும் அத்தோட நின்னுரும்," என்றேன்.

"பொம்பள எனக்குச் சொல்ல வந்துட்டா!" என்று இரண்டையும் அவரே கொட்டினார்.

மறுநாள் அறுத்துப் பார்த்தால் நூற்றுச் சொச்சம்தான். இருநூறு எதிர்பார்த்தவருக்குக் கண் சிவந்துவிட்டது.

"மிச்சத்த மலையேத்திட்டியா? ஆடலூருல உங்கப்பன் வீட்டுக்கா?"

கிண்டும் துடுப்பாலேயே முதுகில் விளாசினார். விழுந்தேன். மயிரைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் வழிந்தது. என் கணவர் நிலைப்படியில் மரமாக நின்றார். அடியைவிட அவர் நின்ற நிலைதான் எனக்கு வலித்தது.

"குளிச்சிட்டு ஈரத்துணியோட வா. உன் மக தலையில கைவச்சு, கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. இல்லேன்னா பிள்ளைய இங்க போட்டுட்டு வெரசா ஊரப் பாத்து நட!" என்றார் மச்சான்.

பால்குடி மறக்காத பிள்ளை. அவள் தலையில் சத்தியமா? பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க போட்ட ரெண்டாவது டப்பா எங்கயும் போகல! எண்ணெய் கெடைக்காம அந்தக் கட்டிக்குள்ளயேதான் கெடக்கு. தொட்டா தோல உரிக்கும்!" என்று கத்தினேன்.

"திருட்டு முண்ட, என்னையவே மெரட்டுறியா?"

சத்தியம் வாங்குகிறவரும் குளித்துவிட்டு நிற்க வேண்டுமே. ஒரு கட்டியைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வேண்டுமென்றே என்னைப் பார்த்துக்கொண்டே முகமெல்லாம் நுரைக்க நுரைக்கத் தேய்த்தார்.

அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டார்.

"ஐயோ, தண்ணி! தண்ணி ஊத்து தாயி!"

இடுப்பில் மகள், கையில் நிறைவாளி. "மிச்சம் எங்க கெடக்கு மச்சான்?" என்றேன்.

"இதுலதான்! இதுலயேதான் கெடக்கு!"

"தெருவுக்குக் கேக்கல."

மறுபடியும் அலறினார். அதற்கப்புறம்தான் ஊற்றினேன். அவருக்கு ஒரு கண் போயிற்று. எனக்கு வருத்தமில்லை, என் பிள்ளை என்னோடு இருந்தாள்.