பாபநாசம் வயலோரத்து ஹாட் டப்பில் பதினெட்டு நிமிடங்கள்

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, கோவையிலிருந்து என் மகள் யாழினியை அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். அவளுக்கு ஆறு வயது. மனைவி நித்யாவுக்கு அந்த வாரம் புனேயில் அலுவலகப் பயிற்சி. அப்பாவும் மகளும் மட்டும் போகும் முதல் பயணம் என்பதால் மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு. பெரிய கோயிலைப் பற்றி நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. விடுதியின் இணையதளத்தில் ஒரு படம் இருந்தது: பழுத்த நெல்வயலின் ஓரத்தில் மரத்தளம், நடுவில் வட்டமாக ஒரு தொட்டி, அதிலிருந்து எழும் ஆவி. ஹாட் டப். "இதுல நான் குளிக்கலாமா?" என்றாள். விடுதிக்குப் போன் செய்தேன். "தாராளமா சார், ஃபேமிலி ரிசார்ட்தான்" என்றார்கள். மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் பகல் ரயில் மதியம் பன்னிரண்டைத் தாண்டி தஞ்சாவூர் வந்தது. ஓட்டுநர் முருகேசன் நிலையத்துக்கே வந்திருந்தார். மாலை வரை எங்களோடு இருந்து, பாபநாசத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் விடுதியில் இறக்கிவிட 1,800 ரூபாய். சாப்பாட்டை முடித்து, நான்கு மணிக்குப் பெரிய கோயிலுக்குள் நுழைந்தோம். பகலெல்லாம் வெயில் குடித்த கல்தரை பாதத்துக்கு இதமாக இருந்தது. யாழினி புல்தரையில் மல்லாந்து படுத்து, விமானத்தின் மேல் வெயில் மஞ்சளாகிச் சிவப்பாகி அணைவதை முழுசாகப் பார்த்தாள். அப்படி ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் அவள் இருந்து நான் பார்த்ததில்லை.

விடுதிக்குப் போகும் வழியெல்லாம் இருபுறமும் சம்பா நெல். சில வயல்களில் பயிர் பாய் விரித்ததுபோலக் கிடந்தது அந்தி வெளிச்சத்திலும் தெரிந்தது.

"நெல்லு ஏன் படுத்திருக்கு?" என்று கேட்டாள் யாழினி.

"போன வாரம் மழைங்க பாப்பா, அதான் சாஞ்சிருச்சு" என்றார் முருகேசன். "அறுப்பு ஆரம்பிச்சாச்சு. இன்னும் பத்து நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா அறுத்த நெல்லுத் தாளுதான் பாத்திருப்பீங்க."

விடுதியில் ஆறு குடில்கள். ஒரு நாளைக்குக் காலை உணவோடு 4,800 ரூபாய். சீக்கிரமே தூங்கிவிட்டோம்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தால் வயலைக் காணோம். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. எங்கோ ஒரு கொக்கு கத்தியது. மரத்தளத்தின் மேல் ஹாட் டப்பின் ஆவியும் பனியும் எங்கே சேர்கின்றன என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீச்சல் உடையில் யாழினி பல் தந்தியடிக்க நின்றாள்.

துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் செல்வி. பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"பாப்பாவுக்கு எத்தன வயசு சார்?"

"ஆறு."

"சின்னப் புள்ளைங்கள விடுறதில்லைங்க. போர்டுலயே போட்டிருக்கு."

பார்த்தேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று தெளிவாகத்தான் இருந்தது.

"போன்ல கேட்டுட்டுத்தாங்க வந்தோம்."

"சூடு நாப்பது டிகிரில இருக்கு சார். பெரியவங்களுக்கே கால் மணி நேரந்தான் சொல்லுவோம்."

யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரக் காத்திருப்பு அந்தக் கண்களில் இருந்தது. நான் மேலாளரை வரச் சொன்னேன். அவர் ஒரு தாளோடு வந்தார். குழந்தைக்குப் பெற்றோரே பொறுப்பு என்ற மாதிரி ஏதோ அச்சடித்திருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். செல்வி நகர்ந்து வழிவிட்டார்.

தொட்டியில் ஏற்கெனவே ஓர் அம்மையார் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. "ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க தம்பி" என்றார். தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போய் எதிரே நாற்காலியில் டீயோடு உட்கார்ந்தார்.

முதலில் யாழினி "சுடுது, சுடுது" என்று சிரித்தாள். பிறகு பழகிவிட்டது. கழுத்துவரை வெந்நீர், முகத்தில் பனி. தூரத்தில் அறுவடை இயந்திரம் ஒன்று முனகத் தொடங்கியது. அந்தச் சத்தமும் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோலிருந்தது. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எத்தனையோ மாதமாக என் உடம்பில் இருந்த இறுக்கமெல்லாம் கரைந்துபோனது. மணி பார்க்கத் தோன்றவில்லை.

"அப்பா, நெல்லெல்லாம் நடக்குது."

"எங்க நடக்குது?"

"வீட்டுக்கு" என்றாள், மெதுவாக, இழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன அழகான வரி, இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவிருந்த கட்டுரையில் போடலாம் என்று நினைத்தேன். கன்னம் இரண்டும் சிவந்திருந்ததைப் பார்த்து, கரையிலிருந்த செல்பேசியை எட்டி எடுத்து இரண்டு படம் பிடித்தேன். மேலாளர் தாளில் குறித்திருந்த நேரத்தையும் முதல் படத்தின் நேரத்தையும் வைத்துத்தான் பிறகு கணக்குப் போட்டேன். அப்போதே பதினாறு நிமிடம் ஆகியிருந்தது.

டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மையார் எழுந்து வந்தார்.

"தம்பி, புள்ளய வெளிய எடுங்க."

"இன்னும் ரெண்டு நிமிஷம்..."

"இப்பவே எடுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் தூக்கிவிட்டேன். வழக்கமாகத் தூக்கினால் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அன்று கைகள் தொங்கின. தரையில் நிறுத்தப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. உடம்பு கொதித்தது. அப்படியே வாந்தி எடுத்தாள். "யாழி, யாழி" என்று கூப்பிட்டதைத் தவிர அந்த நேரத்தில் நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

செல்வி அதற்குள் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரோடும் துண்டுகளோடும் வந்திருந்தார். அம்மையார் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நனைத்த துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். செல்வி ஒரு தட்டை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தார். "யாழி, இங்க பாரும்மா" என்று அம்மையார் கன்னத்தைத் தட்ட, அவள் கண்ணைத் திறந்தாள். எங்கிருக்கிறோம் என்று தெரியாத பார்வை. "அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"நான் ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவம் சொல்லித் தர்றேன்" என்றார் அம்மையார். "மாட்டு டாக்டர். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. வாங்க, கார எடுக்கிறேன்."

பின்னிருக்கையில் செல்வியின் மடியில் யாழினி. வழியெல்லாம் துண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தார். பனி இன்னும் விலகவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு எட்டு நிமிடத்தில் பாபநாசம் மருத்துவமனைக்குப் போய்விட்டோம். அந்த எட்டு நிமிடமும் எனக்கு முடிவே இல்லாமல் நீண்டது.

இவ்வளவு குளிர்வித்த பிறகும் காய்ச்சல்மானி முப்பத்தொன்பது டிகிரியை, அதாவது நூற்றிரண்டு ஃபாரன்ஹீட்டைக் காட்டியது. மருத்துவர் இளைஞர், திட்டவில்லை. சின்ன உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறிவிடும், வெந்நீருக்குள் இருக்கும்போது வியர்வையாலும் பயனில்லை என்று விளக்கினார். "தூக்கம் வர்ற மாதிரி இருக்கும் சார். சுகமா இருக்கான்னுதான் நமக்குத் தோணும். தண்ணிக்குள்ளயே மயங்கிட்டாதான் பெரிய ஆபத்து." கையில் ஊசி போட்டு மூன்று மணி நேரம் வைத்திருந்தார்கள். ஒன்பதரைக்கு அவள் எழுந்து உட்கார்ந்து உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்து, நன்றாக இல்லை என்றாள். பத்தரைக்கு இட்லி கேட்டாள். நான் வெளியே போய் மருத்துவமனைச் சுவர் ஓரமாக நின்று அழுதுவிட்டு, இட்லி வாங்கி வந்தேன்.

நித்யாவிடம் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு போனை எடுத்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"போர்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அவகிட்ட குடு" என்றாள்.

அன்று முழுக்க எங்கும் போகவில்லை. குடிலின் வாசலில் நாற்காலி போட்டு, எதிரே இயந்திரம் வயலைத் தின்றுகொண்டே நகர்வதைப் பார்த்தோம். மாலைக்குள் பொன்னிறம் போய் அறுத்த நெல்தாள் மட்டும் மிஞ்சியது. பின்னால் கொக்குகள் இறங்கின. யாழினி எண்ணிக்கொண்டிருந்தாள், நான் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை செல்வியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடுங்க சார். நீங்க கையெழுத்துப் போட்டதும் நான் நகந்துட்டேன் பாருங்க, அதான் எனக்கு ராவெல்லாம் உறுத்துச்சு" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. ஐந்து வயதில் ஒரு பையன். செல்வி போர்டைக் காட்டினார். அந்த அப்பா, நான் சொன்ன அதே சொற்களைச் சொன்னார். மேலாளர் அதே தாளோடு வந்தார். செல்வி இந்தத் தடவை நகரவில்லை. படிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க வேணா என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க சார்" என்று மேலாளரிடம் சொன்னார்.

நான் குறுக்கே போய், நேற்று நான் செய்ததைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்ல நாக்கு கூசியது. அவர் யாழினியைப் பார்த்தார். அவள் கையில் ஊசி போட்ட இடத்துப் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டார்.

இனி உங்களுக்கு. தஞ்சாவூர் பக்கம் சம்பா விளைந்து நிற்பதைப் பார்க்க ஜனவரி நல்ல காலம். அறுப்பு எப்போது என்று விடுதியில் கேட்டுக்கொண்டு போங்கள். ஹாட் டப் இருந்தால் குழந்தைகளை விடலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ் கண்டிப்பாகக் கூடாது என்றார் மருத்துவர். போர்டு அனுமதிக்கும் பெரிய பிள்ளைகள் என்றால் சூட்டை முப்பத்தேழு டிகிரிக்குக் குறைக்கச் சொல்லி, மார்பளவுக்கு மேல் நனையாமல், ஐந்து நிமிடம். முடியைக் கட்டிவிடுங்கள், தண்ணீரை உறிஞ்சும் துளைப் பக்கம் விடாதீர்கள். சூட்டைக் குறைக்க முடியாது என்றால் சாதாரண நீச்சல் குளம் போதும். கையெழுத்துக் கேட்கும் தாளை நீட்டினால், அது உங்கள் குழந்தைக்காக எழுதப்பட்டது இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்கு முடியவில்லை என்றால் அதுவே சொல்லிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் யாழினி ஒரு தடவைகூட அழவில்லை.