கலொடன் வெளியும் என் வயிற்றெரிச்சலும்

சுற்றுலா கோச் பஸ் ஓட்டுபவன் எல்லா ஊரையும் பார்ப்பான், ஆனால் கார் பார்க்கில் நின்று. ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு ஆட்களை ஏற்றிப்போவேன். கலொடனில் கட்டாயம் நிறுத்த வேண்டும். அரச படையிடம் மலைப்பகுதிக் குடிகள் தோற்றுப்போன பழைய போர்க்களம் அது.

கில்ட் கட்டிய மனேஜர்

லண்டன் குரொய்டனிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பாங்க் மனேஜர், ஸ்கொட்லாந்துக்காரரின் கட்டம்போட்ட பாவாடையான கில்ட் கட்டிக்கொண்டு வந்தார். தன் குடிப்பெயர் பொறித்த கல்லைக் கண்டதும் குந்தியிருந்து அழுதார். அந்தக் குடியினர் செத்து இருநூற்றைம்பது வருசமாகப் போகிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் நடந்த யுத்தத்தில் என் தம்பி செத்துவிட்டான் என்று செய்தி மட்டும்தான் வந்தது. உடலும் இல்லை, இடமும் தெரியாது. அம்மா நம்பவில்லை. அதனால் அந்தச் சாவுக்கு நானும் தலை முழுகவில்லை. மனேஜர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்:

"நீங்கள் அதிர்ஷ்டசாலி, ட்ரைவர். உங்களுக்கு இந்தப் பாரமெல்லாம் இல்லை."

திறக்காத இடியப்பப் பெட்டி

இன்னொரு முறை லண்டன் செவன் கிங்ஸிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். சிவபாக்கியம் அக்கா புல்மேடுகளைக் காட்டி என்னவென்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடம் என்றேன். முடிந்தது கதை! சவக்காலைக்குப் போனவர்கள் முழுகாமல் சாப்பிடுவதா? கொண்டுவந்த இடியப்பப் பெட்டியைத் திறக்காமல், பசியோடு கார் பார்க் குழாயடியில் வரிசையாக நின்று தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது எந்தக் காலத்துச் சாவு அக்கா என்று சிரித்தேன்.

"வருசம் போனாப்போலை தீட்டுப் போயிடுமே தம்பி? நீயும் வந்து நனை."

பிரித்தறிய முடியாதவர்களின் கல்

அன்று நான் நனையவில்லை. ஆனால் அங்கே இன்னொரு கல் உண்டு, இன்ன குடியென்று பிரித்தறிய முடியாதவர்களுக்கு. பெயர் தெரிந்தவனுக்குக் கல் வைத்தால் போகட்டும் என்று விடலாம். தெரியாதவனுக்குமா? உண்மையாகவே நான் பொறாமைப்பட்டது அந்தக் கல்லைப் பார்த்துத்தான்.

அடுத்த பயணத்தில், ஆட்கள் கடைக்குள் இருந்த நேரம், மனேஜரின் குடிக்கல்லடியில் குவிந்து கிடந்த பூவில் ஒன்றை எடுத்துவந்து இந்தப் பெயர் தெரியாதவர்களின் கல்லடியில் வைத்தேன். தம்பியின் பெயரைச் சொன்னேன். பிறகு நேரே குழாயடிக்குப் போய்த் தலையை நீட்டினேன். ஊசிக் காற்று. பின்சீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி துவாயோடு ஓடிவந்தாள்.

"இந்தக் குளிரில் யாராவது தலையை நனைப்பார்களா? உன் அம்மா பார்த்தால் என்ன சொல்வாள்?"

ஸ்கொட்லாந்துக்காரரின் துக்கத்திலிருந்து ஒரு பூவைக் களவெடுத்துத் தம்பிக்கு முழுகியவன் நான், இனி அவர்கள்மேல் எரிச்சல்பட எனக்கு வாயில்லை, இருந்தாலும் படுகிறேன்.