சூளைச் சுவரின் சூடு

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி அவர்கள் சொந்த ஊரான பெருநகர் கிராமத்திலிருந்து அழைத்தார். "அக்கா பூட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சி போச்சி." வாய் நிறைய நுரையோடு "சரி" என்றேன்.

எஸ்தரும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தூசு மூடிய விண்மீன் மண்டலங்களில் புது விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்று கணக்கிடுவது எங்கள் வேலை. விண்மீன்களின் ஒளியைத் தூசு விழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டை அகச்சிவப்பு ஒளியாக வெளியே விடும். அதை அளந்தால் பிறப்பின் வேகம் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

ஒரு மண்டலம் அகச்சிவப்பில் தகதகத்தது. அங்கே விண்மீன்கள் குவியலாகப் பிறக்கின்றன என்று கட்டுரை எழுதிவிட்டேன். என் பணி நீட்டிப்பு அதை நம்பித்தான் இருந்தது. அனுப்பும் நாளில் எஸ்தர் தடுத்தார்.

"எங்கம்மா செங்கல் சூளையில வேல செஞ்சாங்க சார். தீ அணைஞ்சி நாலு நாளானாலும் செவுரு சுடும். எட்ட நிக்கறவன் உள்ள எரிஞ்சிக்கினு கீதுன்னு நெனச்சிப்பான்."

பிறப்பு நின்ற பிறகும், முன்பே பிறந்த விண்மீன்கள் தூசைச் சூடாக்கும் என்பதுதான் அவர் சொன்னது. நான் எல்லார் முன்னிலையிலும், "சூளைக் கதையெல்லாம் இங்கே எடுபடாது" என்றேன். அவர் மற்ற அலைநீளங்களில் பதிவான தரவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் விடை வந்தது. அங்கே பிறப்பு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

கட்டுரை தாமதமாயிற்று, நீட்டிப்பு கைவிட்டுப் போனது. வேறு ஊருக்குப் போய் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. திருத்திய கட்டுரை வெளிவந்தபோது என் பெயரை முதலில் போட்டிருந்தார். அப்போதும் நான் நன்றி சொல்லவில்லை.

உத்திரமேரூரில் பேருந்து மாறி அடக்கத்துக்குப் போனேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சண்ட போட்ட சாரு நீங்கதானா?"

"ஆமாம்மா."

"சாருக்குக் கோவம்லாம் எப்பவோ ஆறிப் போயிருக்கும், பேசறதுக்குத்தான் வெக்கப்படறாருன்னு அப்பல்லாம் எஸ்தரு சொல்லிக்கினு இருக்கும்."

அது உண்மைதான். அந்தக் கட்டுரையின் பழைய படியை இன்னும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் எஸ்தரின் பென்சில் எழுத்து: "சூடு இருக்கிறது. நெருப்பு இருக்கிறதா?" அதற்கு நான் அவரிடம் பதில் சொல்லவே இல்லை.