பக்கத்து இருக்கையின் எடை: ஆனேக்கல் வரை ஒரு ஸ்பிரிங் பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆனேக்கல் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் நான்கு வருடமாக ஹெப்பகோடியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. கூரை கிடையாது, எடை 560 கிலோ. வெல்டிங் என் வேலை, வயரிங் முழுக்க அவள் வேலை. முதல் முறை அவள் அதில் ஏறியபோது, ஒரு சாதாரண வேகத்தடை ஹம்பில் பின்பக்கம் தூக்கி அடித்து அவளுக்கு மூன்று நாள் இடுப்பு வலி.

அன்றிலிருந்து அவள் ஏறவில்லை. ஓசூரில் ஒருவர் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு வாட்டி உக்காருவேன்ப்பா. அப்பவும் இதே கதன்னா ஓசூர்க்காரருக்குக் குடுத்துடு. நீ மட்டும் ஓட்டறதுக்கா நான் ஒயர் இழுத்தேன்?" என்றாள். நியாயமான கேள்வி.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு மெட்ரோ ஏறினோம். மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாறி ஹெப்பகோடி போக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் இரண்டு ஜோடி ஸ்பிரிங்குகளைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் கூடுதலாகப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளவும். ஸ்கேனரில் பையைப் பார்த்த காவலர் "இது என்ன சார், மோட்டார் பம்ப்பா?" என்று கேட்டார். கார் ஸ்பிரிங் என்றதும் ஒன்றைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. எனக்கும் அப்படி அமுக்கிப் பார்க்கும் ஆசை எப்போதும் உண்டு.

ஸ்பிரிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு எடை வேண்டுமோ, அதுதான் அதன் எண். எண் கூடினால் விறைப்பு. முதலில் 175 போட்டிருந்தேன். ஸ்டெல்லா அடி வாங்கியதும், ரொம்ப விறைப்பு போலிருக்கிறது என்று 150க்கு இறங்கினேன். தனியாக ஓட்டிப் பார்த்தால் மெத்தை மாதிரி இருந்தது. பையில் இருந்தவை 125ம், கடைக்காரர் வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய 200ம். 125தான் கைகொடுக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

காருக்கு இன்னும் பதிவு எண் கிடையாது, பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. அதனால் வழக்கம்போல ஷெட்டிலிருந்து ஆனேக்கல் பக்கம் நண்பர் ஒருவரின் வீட்டுமனை லேஅவுட்டுக்கு டோயிங் லாரியில் ஏற்றினோம். பதினாறு கிலோமீட்டர், போக வர 3,500 ரூபாய். அந்த லேஅவுட்டில் வீடு ஒன்றுகூட வரவில்லை, ஆனால் ரோடும் ஹம்புகளும் வந்துவிட்டன. நம் ஊரில் எது முதலில் வரும் என்பது தெரிந்ததுதானே.

லாரி ஓட்டிய முனிராஜு, வழியில் சந்தாபுராவில், தட்டு அகலத்துக்கு இருக்கும் தட்டே இட்லிக்கு நிறுத்தினார். "சார், இதுல டோரே இல்லியே, மேடம் எப்படி ஏறுவாங்க?" என்றார்.

"ஏறறது கஷ்டமில்ல அண்ணா, உக்காந்திருக்கறதுதான்" என்றாள் ஸ்டெல்லா. முனிராஜு சிரித்தார், நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேஅவுட்டில் ஜாக்கி வைத்து 125ஐ மாட்டினேன். தனியாக ஒரு சுற்று போனேன். சொர்க்கம். கர்வத்தோடு வந்து நிறுத்தி, வா என்றேன். ஸ்டெல்லா ஏறவில்லை, பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து நின்றாள்.

"நீ தனியா போனா குதிக்கல. நான் உக்காந்தாதான் குதிக்குது. ஸ்பிரிங் விறைப்புன்னா உனக்கும் அடிக்கணும் இல்ல? கார எடை போட்டப்போ யார் உக்காந்திருந்தது?"

"நான்."

"பக்கத்துல?"

பக்கத்தில் லேப்டாப் இருந்தது. எடை மேடையிலும், ஷாக் அப்சார்பரின் நீளத்தைத் தேர்ந்தெடுத்தபோதும், ஞாயிறுதோறும் ஓட்டிப் பார்த்தபோதும் அங்கே லேப்டாப்தான். இரண்டு பேருக்காகச் செய்த காரை ஒருவனுக்கு அளவெடுத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆவல் அதிகமாக இருந்தது.

முனிராஜுவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன், என் எடைதான் இருப்பார். ஸ்டெல்லா பக்கத்தில் ஏறினாள். நான் தரையில் படுத்துப் பார்த்தேன். ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும், ஸ்பிரிங் முழுதும் அமுங்கினால் கடைசியில் அடி தாங்குவதற்கு. ஆள் இல்லாதபோது அதற்கு மேல் ஒரு விரல் இடைவெளி இருந்தது. இப்போது இடைவெளியே இல்லை. இந்த மாதிரிக் காரில் இருக்கைகள் பின்சக்கரத்தை ஒட்டி இருப்பதால் பக்கத்தில் உட்காருபவரின் எடை முக்கால்வாசி பின்னால்தான் விழும். அவளை அடித்தது ஸ்பிரிங் இல்லை, அந்த ரப்பர். நான் ஸ்பிரிங்கை மென்மையாக்க மென்மையாக்க, அவளை அதன் மேலேயே உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

200ஐ மாட்டினோம். இருவரும் உட்கார்ந்த நிலையில் இரண்டு விரல் இடைவெளி. ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் திருகை இரண்டு கிளிக் தளர்த்தினேன். முனிராஜு இறங்க, நான் ஓட்ட உட்கார்ந்தேன். ஸ்டெல்லா பக்கவாட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். முதல் ஹம்ப், இரண்டாவது. மூன்றாவதில் கண்ணைத் திறந்தாள். ரோட்டுக் கோடியில் திரும்பும்போது கம்பியை விட்டுவிட்டாள்.

நிறுத்தியதும், "இறங்கு, நான் ஓட்டறேன்" என்றாள்.

அப்போதுதான் அந்த இருக்கையில் முதல்முறையாக உட்கார்ந்தேன். கால் நீட்ட இடமில்லை, சைலன்சர் சூடு முழங்காலில் ஏறுகிறது. இது எதையும் அவள் சொன்னதே இல்லை. ஹம்பில் அவள் வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

இப்படி ஒரு கார் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்பிரிங் எண்ணை இணைய மன்றங்களில் கேட்டு வாங்காதீர்கள், உங்களோடு வருபவரை உட்கார வைத்து அளந்தபின் வாங்குங்கள். ஷாக் அப்சார்பர் வாங்கும்போது அழகைவிட அது எவ்வளவு தூரம் அமுங்கும் என்று பாருங்கள். தண்டில் ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்தால், ஓட்டி முடித்ததும் எதுவரை அமுங்கியது என்று அதுவே காட்டும். கடைக்காரர் வற்புறுத்தினால் சில சமயம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து இருக்கையில் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

திரும்பும் வழியில், லாரியில் ஓசூர்க்காரரின் அழைப்பு வந்தது. என் கையிலிருந்த போனை ஸ்டெல்லா வாங்கினாள்.

"வண்டி நல்லாருக்கு சார். ஆனா ரெண்டு சீட்டுக்கும் ஆள் இருக்கு."