ஆர்டருக்கு ஹிந்தியில் என்ன?

அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குக் கைமடியாக, டெய்லருக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுக்கும் எடுபிடியாக, வந்தவன். டெய்லரானான், பிறகு லைன் சூப்பர்வைசரானான். அதற்கு மேல் அவனைத் தூக்கிவிட இருந்தது அவன் பேசும் ஹிந்தி. வாட்ஸ்அப்பில் ஹிந்தித் திணிப்பை எதிர்த்து வரிந்துகட்டிக்கொண்டு எழுதுகிற ஆள், வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் வடக்கத்தித் தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டே ஹிந்தியைப் பிடித்துவிட்டான். வேடிக்கைதான். ஆனால் அதற்காகத்தான் பொங்கலுக்குள் புரொடக்‌ஷன் மேனேஜர் என்று முதலாளி ரத்தினசாமி வாக்குக் கொடுத்திருந்தார்.

அமெரிக்கா வரியை ஏற்றியதும் டீக்கடையில் ஒருவன் தில்லியைத் திட்டினான், இன்னொருவன் ஐரோப்பா கைகொடுக்கும் என்றான், பேசாமல் டாக்ஸி ஓட்டப் போகலாம் என்றான் அந்தோணிராஜ். இன்று காலை கம்பெனியின் ஒரே பெரிய ஆர்டர் கேன்சலானதும் எல்லாப் பேச்சும் நின்றுபோனது.

"ஏனுங்க அந்தோணி, நாலு நாளைக்கு லீவுன்னு அவுங்க பாஷையில சொல்லிப்போடுங்க. ஆர்டர் போனது தெரிய வேண்டாமுங்க. ரயிலேறிட்டாங்கன்னா அப்பறம் ஆளுக்கு எங்கீங்க போறது?" என்றார் ரத்தினசாமி.

பக்கத்துக் கம்பெனியில் விட்ட நாலு நாள் லீவு நாற்பது நாளாகி, அறைகளில் முடங்கியவர்கள் ஒருவேளைச் சோற்றுக்கு அலைந்ததை அந்தோணிராஜ் பார்த்திருக்கிறான்.

அறுபது பேர் கூடி நின்றார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். அவருக்கு ஹிந்தி தெரியாது, உண்மையைச் சொல்லிவிடலாம். வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். ஆர்டர், கேன்சல், டிரெயின், டிக்கெட் என்று அவன் கற்ற ஹிந்தியில் பாதி இங்கிலீஷ். அது முதலாளிக்கும் புரியுமே! ஆர்டருக்கு ஹிந்தியில் வேறு என்ன சொல்வார்களோ, யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

"காம் கதம்," என்றான். வேலை முடிந்தது. "சப் கர் ஜாவ்." எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். ஊரிலிருக்கும் வீட்டை நினைத்துத்தான் சொன்னான்.

ரத்தினசாமி திருப்தியாகத் தலையாட்டினார். தினமும் ஷிப்ட் முடிந்தால் அவன் சொல்வதும் இதே வார்த்தைகள்தான். காலையிலேயே ஏன் அறைக்குப் போகச் சொல்கிறான் என்று கூட்டம் விழித்தது. ஜார்க்கண்ட் பெண் சுக்மதி மட்டும் அவன் முகத்தையே பார்த்து, அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"பையா, ஆர்டர் கேன்சல்?"

முதலாளியின் தலை சட்டென்று திரும்பியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் வேலை அவனுக்கு. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

"ஹாங். கேன்சல். டிக்கெட் போடு," என்றான். பதற்றத்தில் கடைசி வார்த்தை தமிழிலேயே வந்தது.

ரத்தினசாமி சத்தம் போடவில்லை. கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்து, வழக்கமான மரியாதையோடு சொன்னார்:

"உங்களுக்கும் ஒண்ணு போட்டுக்குங்க, அந்தோணி."